அரைக்கால் அங்குலம்

மரம் சின்னது. அதுதான் சிக்கல்.
வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்ற ஒரு குட்டிப் பெஞ்ச்,
அதன் கால் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன்.
ரவுட்டரோ கொழுத்த பிராணி.
இரண்டு கைப்பிடியையும் பிடித்து அதன்மேல் நிறுத்தினால்
குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாயும்,
அது சாய்ந்தால் குழியும் சாயும்.

அதனால் ஜிக்.
பிளைவுட் துண்டில் ஒரு நீளப் பொந்து,
அடியில் ஒரு வேலி, இரண்டு கிளாம்ப்.
அதற்குமேல் அதில் பெருமை ஒன்றும் இல்லை.
இயந்திரத்துக்கு நிற்க இடம் தருகிறது,
இதுவரை போ, இங்கே திரும்பு என்கிறது.
அவ்வளவு சொல்ல ஆளிருந்தால்
நானும்கூட நேராகத்தான் போயிருப்பேன்.

செவ்வாய்தோறும் ஏழு மணிக்கு லௌரி ஹக்கலா வருவான்,
பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டு, பேச்சில்லாமல்.
தண்டர் பேயில் நவம்பர். ஏரிக் காற்று
கராஜ் கதவின் அடியில் கை விட்டுத் துழாவும்.
ரவுட்டரில் பாதி அவன் காசு.
என் தங்கை கோலெட் அவனை விட்டு வினிபெக் போனபோது
வீடு, கார், நாய் எல்லாம் பிரித்தார்கள்,
இதை யாரும் கேட்கவில்லை.

நாலு கால். காலுக்கு இரண்டு குழி.
கால் அங்குல பிட்.
ஒரேயடியாக இறக்கினால் பிர்ச் கருகும், பிட் அலறும்.
அரைக்கால் அரைக்காலாக இறங்க வேண்டும்,
எட்டு முறை போய் வந்தால் ஓர் அங்குலம்.
காதை மூடும் மஃப் மாட்டிய பின்
ஒருவரை ஒருவர் எதுவும் கேட்க வேண்டியதில்லை.
அவன் சீக்கிரமாகவே மாட்டிக்கொள்வான்.
நானும்தான்.

பிட் விட்ட குழிக்கு முனை வட்டம்.
உளியால் சதுரமாக்கணும் என்பான் அவன்,
நாக்கின் ஓரத்தை உருட்டினால் போதும் என்பேன் நான்.
மூன்று வருடமாகத் தீராத சண்டை.
அதையாவது போடுகிறோம்.

ஒரே ஒரு விதி:
பென்சில் குறி போட்ட முகம் வேலியைப் பார்க்க வேண்டும்.
குழி தப்பான இடத்தில் விழுந்தாலும்
எட்டும் ஒரேமாதிரி தப்பினால் அது தப்பே இல்லை,
பெஞ்சுக்குத் தெரியாது.

மூன்றாவது காலை அவன் கிளாம்புக்குள் வைக்கும்போது
மேஜைமேல் என் போன் மரத்தூளுக்குள் ஊர்ந்தது,
வண்டு மாதிரி, சத்தமில்லாமல்.
திரையில் கோலெட்.
அவன் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.
விளிம்புவரை வந்து போன் நின்றுபோனது.
கிளாம்பை முறுக்கி, ஸ்விட்சைப் போட்டான்.
எட்டு முறை. கை நடுங்கவில்லை.
அவ்வளவு சுத்தமான குழி அன்றைக்கு வேறு விழவில்லை.

பிறகு கோந்து இல்லாமல் கூட்டிப் பார்த்தோம்.
காலிலும் குழி, சட்டத்திலும் குழி,
இடையில் தனியாகச் சீவிய நாக்கு
பாதி இங்கே, பாதி அங்கே.
மூன்று கால் பொருந்திக்கொண்டது.
அந்த ஒன்று மட்டும் ஒரு காசு தடிமன் வெளியே நின்றது,
குரூப் போட்டோவுக்குக் கடைசியாக ஓடிவந்த ஆள்போல.
கழற்றினால், பென்சில் குறி வெளிப்பக்கம்.
லௌரி கட்டைவிரலால் அதைத் தேய்த்தான்.
அழியவில்லை, பரவியது.

“அடுப்பில் போட்டுட்டு வேற கால் அறுக்கலாம்.”
“மரம் இல்லை” என்றேன்.
அவன் தலைக்கு மேல் ரேக்கில்
ஏழு பிர்ச் பலகை கிடந்தது.

குழிக்கு இறுக்கமாக ஒரு சக்கை சீவினான்,
கோந்து தடவி இரண்டு தட்டு.
காய்ந்ததும் மேலே மழித்து,
இந்த முறை முகம் பார்த்து வைத்து, மறுபடி குழி.
பழையதின் ஓரம் மயிரிழையாகத் தெரியும்,
அதையும் சட்டம் மூடிவிடும்.

கோந்து காய ஒரு ராத்திரி போதும்.
டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.
அவன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் படித்தான்.

“அடுத்த செவ்வாய்தான் காயும்” என்றேன்.

“குளிர் வேற” என்றான் லௌரி.